சத்தம் புகாத அறை

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
12.01.1975

அன்பு மகள் இரத்தினேஸ்வரிக்கு,

இங்கே மழை ஓய்ந்துவிட்டது. என் கால்வலியும் அதோடு ஓய்ந்துவிட்டது. அங்கே நீயும் மருமகனும் சின்னவளும் நல்ல சுகமாக இருப்பீர்கள் என்ற எண்ணத்தில்தான் பேனையை எடுத்திருக்கிறேன்.

அப்பா பென்சன் எடுத்துவிட்டுச் சும்மா கதிரையில் கிடக்கிறார் என்று நீ நினைத்தால் பிழை. பெரிய வேலை ஒன்றில் இறங்கியிருக்கிறேன். வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை விட்டுப் போனபோது ஏலத்தில் எடுத்த ரேடியோகிராம் ஞாபகம் இருக்கும். இத்தனை வருடமும் அதை நான் ஒழுங்காகக் கேட்டதேயில்லை. துறைமுகத்தில் இழுவைப் படகின் எஞ்சினோடு பகலெல்லாம் கிடந்துவிட்டு வருகிறவனுக்கு எதுதான் கேட்கும்? இப்போது ஆறுதலாக இருந்து கேட்டால், பாட்டைவிட மற்றதெல்லாம்தான் பெரிதாகக் கேட்கிறது. கிறேன் சத்தம், கண்டி பஸ், காகம், முன்வீட்டுப் பம்ப், எங்கள் குசினி பிறிட்ஜ்.

அதனால் பின்னறையைச் சத்தம் புகாத அறையாக மாற்றுகிறேன். வீட்டைச் சுற்றி வளைகிற ரோட்டுப்பக்க ஜன்னலைக் கல்வைத்து அடைத்துவிட்டேன். சாக்குகளில் தென்னந்தும்பை அடைத்து சுவரோடு சுவராகக் கட்டி, மேலே பாய் தொங்கவிட்டிருக்கிறேன். கதவிடுக்கில் சைக்கிள் ரியூப்பை வெட்டி அடித்தேன். உள்ளே புழுங்கும். பறவாயில்லை, எஞ்சின் அறையில் இருந்தவனுக்கு இது மார்கழிக் குளிர்.

ஒரு நாதஸ்வர இசைத்தட்டு இருக்கிறது, தோடி. ஆலாபனையில் ஓரிடத்தில் வாசிப்பவர் மூச்சை இழுக்கிறார். அந்த மூச்சு இவ்வளவு காலமும் எனக்குக் கேட்டதில்லை. நேற்றுப் பின்னேரம் கேட்டோம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சின்னவளுக்கு என் முத்தம்.

உன் அப்பா,
கதிரவேல்


கிற்வே,
சாம்பியா.
09.02.1975

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்து, கால்வலி குறைந்தது அறிந்து ஆறுதலடைந்தேன். இவருக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை கூடிவிட்டது. சின்னவள் இப்போது வாய் ஓயாமல் கதைக்கிறாள்.

அப்பா, கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பின்னறை என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவின் அறை என்று எழுத ஏன் கை வரவில்லை? அம்மா கடைசிவரை கிடந்த அறை அது. அந்த ஜன்னலால்தான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தா. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது முதலில் தெரிவது அந்த ஜன்னலும் அம்மாவின் முகமும்தான். அதையா கல்வைத்து அடைத்தீர்கள்? வீடு அம்மாவின் சீதன வீடு. ஒரு சொல் என்னைக் கேட்டிருக்கலாம்.

இன்னொன்று. "நேற்றுப் பின்னேரம் கேட்டோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் நீங்கள் தனியே. யாரப்பா "கேட்டோம்"?

குறையாக நினைக்க வேண்டாம். தூரத்தில் இருக்கிறவளுக்கு ஒரு எழுத்தும் பெரிதாகத் தெரிகிறது.

அன்பு மகள்,
இரத்தினேஸ்வரி


ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
02.03.1975

அன்பு மகளுக்கு,

உன் கோபம் நியாயம்தான். அம்மாவின் அறை என்றே எழுதுகிறேன். அடைப்பதற்கு ஒரேயொரு ஜன்னல் உள்ள அறை அதுதான், வேறு காரணம் இல்லை. ஜன்னலை எப்போது வேண்டுமென்றாலும் திறக்கலாம். சுண்ணாம்புச் சாந்துதான் பூசியிருக்கிறேன்.

"கேட்டோம்" என்று எழுதியது றஊப்பை நினைத்து. கடைத்தெருவில் ரேடியோ திருத்துகிற பொடியன். எல்லாவற்றையும் அடைத்த பிறகும் பெட்டிக்குள் "ம்ம்ம்" என்று ஒரு இரைச்சல் மிஞ்சி நின்றது. கடலும் இல்லை, காற்றும் இல்லை. பிறிட்ஜை நிற்பாட்டினேன், போகவில்லை. பெட்டியின் அடியில் படகு எஞ்சினுக்கு வைக்கிற தடித்த ரப்பர் வைத்தேன், போகவில்லை. றஊப் வந்து எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "ஐயா, இரைச்சல் வெளியில இருந்து வரேல்ல. உங்கட ரியூப் லைற்றில இருந்துதான் வருது. நிப்பாட்டிப் பாருங்கோ" என்றான். நிற்பாட்டினோம். இரைச்சல் செத்துவிட்டது! இப்போது சாதாரண பல்ப் ஒன்றுதான் எரிகிறது.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். அம்மாவின் மணிக்கூட்டையும் சுவரிலிருந்து கழற்றி அலுமாரிக்குள் துணி சுற்றி வைத்திருக்கிறேன். மற்றச் சத்தமெல்லாம் போனதும் அதன் டிக் டிக் சம்மட்டி அடிபோல விழுந்தது. கழற்றும்போது எனக்கும் மனம் ஒரு மாதிரித்தான் இருந்தது.

உன் அப்பா,
கதிரவேல்


கிற்வே,
சாம்பியா.
23.03.1975

அன்புள்ள அப்பாவுக்கு,

றஊப் என்று எழுதினீர்கள். நம்பினேன். அதே கிழமை தங்கரத்தினம் மாமியின் கடிதமும் வந்தது. மாமி உங்கள் கூடப்பிறந்த தங்கச்சி. அவ பொய் எழுத வேண்டிய தேவை என்ன?

வாசலில் பொம்பிளைக் குடை ஒன்று விரித்துக் காய்கிறதாம். பள்ளிக்கூடம் விட்ட பிறகு கனகம்மா ரீச்சர் நேரே எங்கள் வீட்டுக்கு வாறாவாம். அறைக்குள் போனால் கதவு சாத்துப்படுமாம். உள்ளே இரண்டு கதிரையாம். அயலில் கண்ணைச் சுருக்கிக் கதைக்கத் தொடங்கிவிட்டார்களாம்.

கனகம்மா ரீச்சரா அப்பா? எனக்குச் சங்கீதம் படிப்பித்தவ. "உனக்குச் சுருதி நிக்காது பிள்ளை, நீ தையல் வகுப்புக்குப் போ" என்று வகுப்புக்கு முன்னால் என்னை எழுப்பி அனுப்பினவ. அன்றைக்கு நான் அழுதுகொண்டு வந்தது அம்மாவிடம், அந்த அறைக்கு.

கலியாணம் செய்யாமல் இருந்த ஒருத்தி, இந்த வயதில், அம்மா இல்லாத வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு இருந்தால் ஊர் என்ன நினைக்கும்? நான் என்ன நினைக்கிறது? பாட்டுக் கேட்பதற்கு ஜன்னலை அடைக்க வேண்டுமா, ஆட்கள் பார்க்காமல் இருப்பதற்கு அடைக்க வேண்டுமா?

உண்மையை எழுதுங்கள்.

மகள்,
இரத்தினேஸ்வரி


ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
20.04.1975

மகள் இரத்தினேஸ்வரிக்கு,

வருடப்பிறப்பன்று தங்கரத்தினம் பலகாரத்தோடு வந்தாள். வந்ததும் வராததுமாக, "அண்ணை, மச்சாளின்ர மணிக்கூட்டைக் கழட்டித் துணியில சுத்தி வைச்சிருக்கிறியளாமே, அதென்ன, அதுவும் செத்துப்போச்சோ?" என்று கேட்டாள்.

அந்த விஷயத்தை நான் உன்னைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. அலுமாரியைப் பூட்டி, திறப்பை என் மடியில் வைத்திருக்கிறேன். அப்படியென்றால் என் கடிதம் சாம்பியா போய், அங்கிருந்து தங்கரத்தினம் வீட்டுக்கு வந்து, திரும்ப என் வாசலுக்கு வந்திருக்கிறது. நான் உனக்கு எழுதுகிறேனா, ஊருக்கு எழுதுகிறேனா என்று இப்போது எனக்குத் தெரியவில்லை. நீ என்னை விசாரிக்கிறாயா, தங்கரத்தினம் உன்னை வைத்து விசாரிக்கிறாளா என்பதும் விளங்கவில்லை.

ரீச்சர் வருவது உண்மை. பாட்டுக் கேட்க வருகிறா. போன நவராத்திரிக்குப் பள்ளிக்கூட விழாவுக்கென்று தட்டு இரவல் கேட்டு வந்தவ, அதிலிருந்து வருகிறா. றஊப்பும் வருவது உண்மை. நான் பொய் எழுதவில்லை. எல்லாவற்றையும் எழுதவில்லை, அவ்வளவுதான். எழுதாததற்குக் காரணம் உண்டு. அது என்னுடைய காரணம் இல்லை, இன்னொருவருடையது. அதைச் சொல்லும் உரிமை எனக்கில்லை. சொன்னால் அது எந்தப் படலையால் போய் எந்தப் படலையால் திரும்பும் என்பதையும் இந்த மணிக்கூட்டு விஷயத்தில் பார்த்துவிட்டேன்.

அப்பாவை நீ நம்பலாம். நம்ப ஏலாவிட்டால் கேட்காமலாவது இரு.

கதிரவேல்


கிற்வே,
சாம்பியா.
18.05.1975

அப்பாவுக்கு,

ஓம், மாமிக்கு நான்தான் எழுதினேன். வேறு யாரைக் கேட்பது? ஆயிரமாயிரம் மைல்களுக்கு அப்பால் இருந்துகொண்டு வீட்டுச் சாவித்துவாரத்தால் நான் பார்க்க ஏலுமா?

"இன்னொருவருடைய காரணம்" என்கிறீர்கள். ரீச்சருக்கு ஒரு இரகசியம் இருக்கிறது, அது உங்களுக்குத் தெரியும், மகளுக்குத் தெரியக்கூடாது. இதை வாசிக்கிற எந்த மகளும் என்ன நினைப்பாள்? மாமி திரும்பவும் எழுதியிருக்கிறா. போன கிழமை வாசலில் நின்று "ரீச்சர், ரீச்சர்" என்று கூப்பிட்டாவாம். ரீச்சர் அறை வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவ, திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். எங்கள் வீட்டு வாசலில் எங்கள் மாமிக்கு அவ்வளவு அலட்சியம். அந்த வீட்டை இப்போதே தன்னுடையதாக எண்ணிவிட்டா போலிருக்கிறது என்று மாமி எழுதியிருக்கிறா. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

கோபிக்க வேண்டாம் அப்பா. இறக்கக்கண்டிக்குத் தம்பிராசா மாமாவுக்கு எழுதியிருக்கிறேன். அம்மாவின் தம்பி, எனக்கு அம்மாவுக்குச் சமானம். ஒரு நாளைக்கு வந்து என்ன ஏது என்று பார்ப்பார். ஒன்றும் இல்லையென்றால் அவர் பார்ப்பதால் உங்களுக்கு என்ன குறை?

மார்கழியில் நாங்கள் லீவில் வருகிறோம். அதற்கு முன் எல்லாம் தெளிந்துவிட வேண்டும்.

இரத்தினேஸ்வரி


ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
15.06.1975

மகளுக்கு,

தம்பிராசா வந்தான். பார்த்தான். நீ கேட்ட தெளிவு இதோ.

சனிக்கிழமை பின்னேரம். ரீச்சர் அறையில் இருந்தா. நாதஸ்வரத் தட்டுத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் குசினிக்குப் போய் பிறிட்ஜை நிற்பாட்டிவிட்டுத் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். தம்பிராசாவும் தங்கரத்தினமும் முன்வாசலால் வந்ததை நான் காணவில்லை. நேரே போய் அறைக் கதவைத் தள்ளியிருக்கிறார்கள்.

ரீச்சர் கதவுக்கு முதுகைக் காட்டி, ரேடியோகிராமோடு ஒட்டியபடி, பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு இருந்தா. அப்படித்தான் எப்போதும் கேட்பா.

"ரீச்சர்!" என்று தம்பிராசா கூப்பிட்டது குசினிக்கே கேட்டது. "உங்களோடதான் கதைக்கிறன்! ஆரின்ர வீட்டில ஆர் வந்து குந்தியிருக்கிறது?"

அவ திரும்பவில்லை. அவனுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கடலில் கத்திப் பழகிய தொண்டை. இன்னொரு தரம் கத்தினான். பிறகு எட்டி, ஊசியைத் தட்டிலிருந்து இழுத்துவிட்டான். பாட்டு நின்றதும், நான்தான் நிற்பாட்டினேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே திரும்பியிருக்கிறா. தலைக்கு மேலே முன்பின் அறியாத ஒரு ஆம்பிளை. கதிரையோடு சரிந்து விழுந்துவிட்டா. நான் ஓடிவந்தபோது நிலத்தில் கையூன்றி எழும்பிக்கொண்டிருந்தா. முழங்கையில் இரத்தம்.

தங்கரத்தினம்தான் முதலில் விளங்கிக்கொண்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ அண்ணை, இவவுக்குக் காது கேளாதோ?" என்றாள்.

ரீச்சர் அவளுடைய உதட்டைப் பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு சீலையைச் சரிசெய்து, வகுப்பில் நிற்பதுபோல நிமிர்ந்து நின்று சொன்னா: "ஓம், கேளாது. ஒரு காது முழுக்கப் போயிட்டுது. மற்றதும் போய்க்கொண்டிருக்கு. வெளியில ஒரு சத்தம் இருந்தாலும் எல்லாம் ஒண்டாக் கலங்கிப்போகும். இந்த அறையில மட்டும்தான் எனக்குச் சங்கீதம் சங்கீதமாக் கேக்குது. ஐயா எனக்காகத்தான் இதைச் செய்தவர்."

அதுதான் மகள், நீ கேட்ட இரகசியம்.

தட்டு இரவல் கேட்டு வந்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. எஞ்சின் அறையில் என்னோடு வேலை செய்த எத்தனையோ பேர் அப்படித்தான் முகத்தைப் பார்ப்பார்கள், கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்ப்பார்கள். "எப்பவிருந்து?" என்று கேட்டேன். அந்த ஒரு கேள்விக்கு இந்தக் கதிரையில் இருந்து அழுதா. சங்கீத ரீச்சருக்குக் காது போய்விட்டது என்றால் பள்ளிக்கூடம் ஒரு நாள் வைத்திருக்குமா? "பிள்ளையளின்ர வாயைப் பாத்து, ஆர்மோனியத்தில கையை வைச்சு ஒரு மாதிரிச் சமாளிக்கிறன். அந்தப் பிள்ளையளை விட்டா எனக்கு வேற ஒண்டும் இல்லை" என்றா. ஒருவருக்கும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். இந்த வீட்டுக்கு அவ வந்தது அந்த ஒரு மணித்தியாலத்துக்காக.

தங்கரத்தினத்தின் கையைப் பிடித்து, "பள்ளிக்கூடத்துக்குத் தெரியவேண்டாம் அக்கா" என்று ரீச்சர் கேட்டா. பத்திரகாளி மேல் சத்தியம் என்றாள் தங்கரத்தினம்.  தம்பிராசா படலையைச் சாத்தாமல் போனான்.

இனி நீயும் ஒருவருக்கும் எழுதாதே. இதை உன்னிடம் இரந்து கேட்கிறேன்.

அப்பா


கிற்வே,
சாம்பியா.
13.07.1975

அப்பாவுக்கு,

கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் ஒன்றும் ஓடவில்லை. ரீச்சர் விழுந்தது எனக்கு விருப்பமில்லாத காரியம். மாமா அப்படிச் செய்வார் என்று நான் நினைக்கவில்லை. அதற்கு வருந்துகிறேன் என்று அவவிடம் சொல்லுங்கள்.

ஆனால் அப்பா, முதல் கடிதத்திலேயே எனக்கு எழுதியிருக்கலாம். அங்கே வந்து போகிற ரேடியோப் பொடியனுக்கும் தெரிந்திருக்கும், பெற்ற மகளுக்கு மட்டும் தெரியக்கூடாது. மாமியிடம் சொல்லிவிடுவேன் என்று பயந்தீர்கள். சொல்லியிருப்பேனோ இல்லையோ, எனக்கே தெரியாது. ஆனால் நீங்கள் பயந்தது சுடுகிறது.

காது கேளாதவவுக்கு உதவி செய்வது வேறு. அதற்கு அம்மாவின் அறை ஏன்? அம்மா அங்கே கிடந்தபோது பஸ் சத்தத்தில் நித்திரை இல்லையென்று எத்தனை தரம் சொல்லியிருப்பா. அப்போது ஒரு சாக்குத் தும்பு கட்டவில்லை நீங்கள். ஒரு இடுக்கை அடைக்கவில்லை. ரீச்சருக்கென்றவுடன் கல்லும் சாந்தும் ரப்பரும் எங்கிருந்து வந்தது? இதை நினைத்தால், இரக்கம் மட்டும்தான் என்று என்னால் நம்ப ஏலாமல் இருக்கிறது. மறைக்காமல் சொல்லுங்கள். நீங்கள் அவவைக் கட்டப் போகிறீர்களா?

நாங்கள் மார்கழியில் வரும்போது அம்மாவின் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நான் அந்தப் படி ஏறமாட்டேன். நேரே இறக்கக்கண்டிக்கு மாமா வீட்டுக்குப் போய்விடுவேன்.

இரத்தினேஸ்வரி


கப்பல்துறை,
திருகோணமலை.
05.10.1975

அன்பு மகள் இரத்தினேஸ்வரிக்கு,

மேலே விலாசம் மாறியிருப்பதைக் கண்டிருப்பாய். ஆவணியில் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. கிடைக்கவில்லையோ, கிடைத்தும் எழுதவில்லையோ தெரியாது. அதனால் நடந்ததைத் திரும்பவும் எழுதுகிறேன்.

ஆடி முடிவதற்குள் பள்ளிக்கூடத்தில் தெரிந்துவிட்டது. ரீச்சரைக் கூப்பிட்டு, முதுகுக்குப் பின்னால் நின்று பெயரைச் சொல்லிப் பார்த்தார்களாம். அவ திரும்பவில்லை. பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தங்கரத்தினமா, தம்பிராசாவா, வேறு யாருமா என்று நான் விசாரிக்கவில்லை. ஆளை ஆள் சந்தேகப்பட்டு இந்த வருடம் முழுக்க எனக்கு அலுத்துப்போய்விட்டது.

நீ கேட்ட கேள்விக்கு மறுமொழி: ஓம். அப்போது அந்த எண்ணம் இருக்கவில்லை. இருந்ததோ என்னவோ, நான் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்தால் அனுப்பப்பட்ட அன்று அவ நேரே என்னிடம்தான் வந்தா. அதற்குப் பிறகு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. புரட்டாதியில் கலியாண எழுத்து எழுதினோம். றஊப் சாட்சிக் கையெழுத்து வைத்தான். சொந்தத்தில் ஒருவரும் வரவில்லை.

அம்மாவைப் பற்றி நீ எழுதியது உண்மை. பஸ் சத்தத்தில் நித்திரை வரவில்லை என்று அவ சொல்வா. எஞ்சின் இரைச்சலில் இருந்து வீட்டுக்கு வருகிற எனக்கு அந்தச் சத்தம் கேட்டதேயில்லை, அதனால் அவவுக்குக் கேட்கிறது என்பதும் என் மண்டையில் ஏறவில்லை. 

நீ சொன்னபடி ஜன்னலைத் திறந்துவிட்டேன். கல்லை எடுத்து, பூசி, வெள்ளையடித்தும் விட்டேன். சாக்குகள், பாய்கள் எல்லாம் போய்விட்டன. அந்த அறை அம்மா இருந்தபோது எப்படியோ அப்படியே இருக்கிறது. வீடு உன்னுடையது, அன்றும் இன்றும். அதில் ஒருவரும் உரிமை கேட்க மாட்டார்கள். திறப்பைத் தங்கரத்தினத்திடம் கொடுத்திருக்கிறேன். நானும் அந்த வீட்டிலிருந்து வெளியே வந்துவிட்டேன்.

இங்கே ஒரு சின்ன ஓட்டு வீடு எடுத்திருக்கிறோம். ரோட்டிலிருந்து உள்ளே, மரமுந்திரிகைத் தோட்டத்துக்குப் பின்னால். பகலில் சைனாபே விமானத்தளப் பக்கம் எப்போதாவது ஒரு விமானம் போகும். மற்றபடி காற்றுத்தான். அடைக்க வேண்டிய தேவை அதிகம் இல்லை. ஒரு கதவுக்கு மட்டும் ரப்பர் அடித்தேன். ஆனால் மற்றக் காதும் விரைவாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று டொக்டர் சொல்கிறார். தைப்பொங்கல் வரை நின்றாலே பெரிய காரியமாம். ஆகையால் ஒவ்வொரு நாளும் தட்டுப் போடுகிறோம். அவ பிடித்தமானதை இரண்டு தரம் கேட்பா. போன கிழமை நீ வகுப்பில் அழுத கதையைச் சொன்னேன். அவவுக்கு ஞாபகம் இல்லை. "பிள்ளை இவ்வளவு காலமும் மனதில வைச்சிருந்ததோ?" என்று கேட்டுவிட்டு, அன்றைக்கு இரண்டாம் தரம் தட்டுப் போட வேண்டாம் என்றா.

மார்கழியில் நீ இறக்கக்கண்டிக்குத்தான் போவாய் என்றால் போ. மாமாவோடு எனக்கு மனத்தாங்கல் இருக்கலாம், உனக்கு வேண்டாம். ஆனால் சின்னவளை ஒரு தரம் கண்ணால் பார்க்க ஆசை. கண்டி பஸ்ஸில் ஏறி, கப்பல்துறைச் சந்தியில் இறங்கி யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள்.

படலையில் நின்று கூப்பிடாதே, கதவையும் தட்டாதே. நான் தோட்டத்துக்குள் நின்றால் வீட்டில் அவ மட்டும்தான் இருப்பா, அவவுக்குக் கேளாது. நேரே உள்ளே வந்து, அவ உன் முகத்தைக் காணக்கூடிய இடத்தில் நில். அவ உன்னை அறிந்துகொள்வா.

அன்புடன்,
அப்பா